இதயச் சுவரில் தழும்பு... ஸ்கேன் சொல்வது என்ன?

சமையலறையில் எண்ணெய் தெறித்த கை, சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த முழங்கால்... காயம் ஆறினாலும் அந்த இடத்தில் தழும்பு நின்றுவிடும். தொட்டுப் பார்த்தால் மற்ற இடம்போல இருக்காது. கொஞ்சம் விறைப்பாக, பளபளப்பாக, முடி முளைக்காமல் இருக்கும். கையிலும் காலிலும் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. அதே போன்ற தழும்பு இதயத்தின் சுவருக்குள் விழுந்தால்? வெளியே தெரியாது, வலிக்காது. ஆனால், இதயத்தின் தாளத்தையே அது கலைத்துப்போடும்.

இதயத் தழும்பு என்றதும் பலருக்கும் மாரடைப்புதான் நினைவுக்கு வரும். மாரடைப்பில் தழும்பு விழுவது பெரும்பாலும் கீழறைகளில். இங்கே பேசப்போவது மேலறைகளில், குறிப்பாக இடது மேலறையில் விழும் தழும்பைப் பற்றி. மருத்துவர்கள் இதை 'ஏட்ரியல் ஃபைப்ரோசிஸ்' என்பார்கள். ஒரே நாளில் விழுகிற தழும்பு அல்ல இது. பல வருடங்களாகக் கட்டுப்படாத ரத்த அழுத்தம், உடல் பருமன், சர்க்கரைநோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா', வால்வு கோளாறு, முதுமை என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும். தசை இருந்த இடத்தில் நார்த்திசு குடியேறும்.

ஊர்த் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு, இதனால் என்ன ஆகும் என்பது எளிதாகப் புரியும். நூறு பேர் ஒரே குரலில், ஒரே நேரத்தில் வடத்தை இழுத்தால் தேர் நகரும். அதே நூறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வடம் அதிரும், தேர் நகராது. இதயத்தின் மேலறையில் இருக்கும் தசைகளுக்கு, சைனஸ் முடிச்சு என்ற இடத்திலிருந்து ஒரு மின் கட்டளை வரும். எல்லாத் தசைகளும் சேர்ந்து ஒரு முறை சுருங்கும். தழும்பு விழுந்த இடத்தில் இந்த மின்சாரம் தடைபடும், சுற்றுவழியில் போகும், சில சமயம் போன வழியிலேயே திரும்பி வந்து சுழலும். அப்போது மேலறை நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் துடிதுடிக்கும். அதைத் துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, நடுக்கம். இதுதான் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. சுருக்கமாக ஏ.எஃப்.

நாடி பிடித்துப் பார்த்தால் தாளமே இருக்காது. இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக, ஒன்று காணாமல் என்று தாறுமாறாக இருக்கும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்குதல், களைப்பு. சிலருக்கு எதுவுமே தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பவர்கள்தான் அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள். காரணம், ஒழுங்காகச் சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கும். அதன் ஓரத்தில் காதுமடல் போன்ற சிறு பை ஒன்று உண்டு. அங்கே தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகி, பிறகு கிளம்பிப்போய் மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஆய்வு, ஏ.எஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு என்று 1991-லேயே கணக்குக் காட்டியது.

சூடுவைத்து நிறுத்தலாம்... யாருக்கு?

ஏ.எஃப் சிகிச்சையில் பெரிய திருப்பம் 1998-ல் வந்தது. பிரான்ஸின் போர்டோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கோளாறைத் தொடங்கிவைக்கும் மின்பொறிகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தேடியபோது, 69 இடங்களில் 65 இடங்கள் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி மின்வேலி போட்டுவிட்டால் பொறி உள்ளே வராது அல்லவா? தொடை வழியாக மெல்லிய கேத்தீட்டரைச் செலுத்தி, சிரைகளின் வாயைச் சுற்றிச் சூடுவைக்கும் 'கேத்தீட்டர் அப்லேஷன்' சிகிச்சை அப்படித்தான் உலகெங்கும் பரவியது. இப்போது சூட்டுக்குப் பதில் குளிரூட்டியும் செய்கிறார்கள்.

ஆனால், பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஒரே முறையில் சரியாகிவிடும். சிலருக்கு ஆறே மாதத்தில் படபடப்பு திரும்பி வரும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போகிறவர்களும் உண்டு. இது இதயத்துக்குள் நுழைந்து செய்யும் சிகிச்சை. அபூர்வமாக இருந்தாலும் பக்கவாதம், இதயத்தைச் சுற்றி ரத்தக்கசிவு போன்ற சிக்கல்கள் உண்டு. செலவும் லட்சக்கணக்கில். 'எனக்குப் பலன் தருமா?' என்று நோயாளி கேட்கும்போது, முன்கூட்டியே சொல்ல ஒரு வழி வேண்டாமா?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், மருத்துவர் நாசிர் மரூஷ் தலைமையிலான குழு இந்தக் கேள்விக்குத்தான் எம்.ஆர்.ஐ ஸ்கேன் மூலம் பதில் தேடியது. சூடுவைப்பதற்கு முன்பே மேலறைச் சுவரில் எவ்வளவு தழும்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டால், யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். 81 நோயாளிகளின் முடிவுகளை 2009-ல் வெளியிட்டார்கள். தழும்பு குறைவாக இருந்தவர்களில் 14 சதவிகிதம் பேருக்குத்தான் ஏ.எஃப் திரும்பியது. நடுத்தரமாக இருந்தவர்களில் 43 சதவிகிதம். அதிகமாக இருந்த 8 பேரில் 6 பேருக்குத் திரும்பிவிட்டது.

வயலில் தேங்கும் தண்ணீர்

எக்ஸ்ரேயிலும் தெரியாத, சாதாரண எக்கோவிலும் சரியாகப் பிடிபடாத தழும்பு எம்.ஆர்.ஐ-யில் எப்படித் தெரிகிறது?

கையில் ஊசி போட்டு 'கேடோலினியம்' என்ற மருந்தை ஏற்றுவார்கள். ஸ்கேன் மையங்களில் 'கான்ட்ராஸ்ட்' அல்லது 'டை' என்று சொல்வது இதைத்தான். ரத்தத்தோடு அது இதயத் தசைக்கும் போகும். உயிருள்ள செல்களுக்குள் நுழையாது. செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் மட்டும் தங்கி, பிறகு ரத்தத்தோடு வெளியேறிவிடும். ஆரோக்கியமான தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் இடைவெளி குறைவு, மருந்து சீக்கிரம் வடிந்துவிடும். தழும்பில் செல்கள் குறைவு, இடைவெளி அதிகம். மருந்து அங்கே தேங்கும்.

மழை பெய்து ஓய்ந்தபின் வயலைப் பார்க்கிற மாதிரிதான். மழை பெய்யும்போது பார்த்தால் எல்லா இடமும் ஈரம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மேடு காய்ந்திருக்கும், பள்ளத்தில் மட்டும் தண்ணீர் மின்னும். அதனால்தான் மருந்து ஏற்றிச் சுமார் 10 முதல் 20 நிமிடங்கள் காத்திருந்து படமெடுக்கிறார்கள். மின்னுகிற இடம் தழும்பு. பிறகு கம்ப்யூட்டரில் மேலறைச் சுவரை முப்பரிமாணத்தில் வரைந்து, மொத்தச் சுவரில் எத்தனை சதவிகிதம் மின்னுகிறது என்று கணக்கிடுவார்கள்.

சொல்வது எளிது. கீழறையில் இந்த வேலையை எம்.ஆர்.ஐ பல காலமாகச் செய்துவருகிறது. அங்கே சுவர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமன். மேலறைச் சுவரோ பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். எம்.ஆர்.ஐ படத்தின் ஒரு புள்ளியே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். ஆக, சுவரின் தடிமனுக்குள் இரண்டு புள்ளிகள் அடங்கினால் அதிகம். போதாக்குறைக்கு இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது, மூச்சுவிடும்போது மேலும் கீழும் நகர்கிறது. ஈ.சி.ஜி-யைப் பார்த்து ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில் படமெடுக்க வேண்டும், உதரவிதானம் ஒரே உயரத்துக்கு வரும்போது மட்டும் எடுக்க வேண்டும். ஸ்கேன் நேரத்தில் நோயாளிக்கு ஏ.எஃப் ஓடிக்கொண்டிருந்தால், துடிப்பே தாறுமாறு என்பதால் படம் மங்கிவிடும். ஓடும் பேருந்து ஜன்னலிலிருந்து வெங்காயச் சருகைப் படமெடுப்பது போன்ற வேலை!

இதனால் ஒரே படத்தை இரண்டு மையங்கள் இரண்டு விதமாக அளவிடுவதும் உண்டு. ஒரு மென்பொருள் 15 சதவிகிதம் என்பதை இன்னொன்று 22 என்று சொல்லலாம். இந்த ஸ்கேன் எல்லா ஊர்களிலும் வழக்கமான பரிசோதனையாக மாறாததற்கு இது முக்கியக் காரணம்.

நான்கு நிலைகள், ஒரு ஏமாற்றம்

யூட்டா குழுவின் முறை மற்ற இடங்களிலும் பலிக்குமா என்று சோதிக்க, அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 15 மையங்கள் சேர்ந்து 'டீகாஃப்' என்ற ஆய்வை நடத்தின. முடிவு 2014-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. 329 பேர் சேர்ந்தார்கள். அதில் 57 பேரின் படங்கள் தெளிவில்லாமல் கழிக்கப்பட்டன. கிட்டத்தட்ட ஆறில் ஒரு படம் வீண். அனுபவமுள்ள மையங்களிலேயே இந்தக் கதி என்றால், ஸ்கேனின் கடினம் புரியும். கடைசியில் 260 பேரின் விவரங்களை வைத்துக் கணக்கிட்டார்கள்.

தழும்பு 10 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 10 முதல் 20-க்குள் இரண்டாம் நிலை, 20 முதல் 30-க்குள் மூன்றாம் நிலை, 30-ம் அதற்கு மேலும் நான்காம் நிலை. அப்லேஷன் செய்து சுமார் 11 மாதங்களில், முதல் நிலையில் இருந்தவர்களில் 15 சதவிகிதம் பேருக்கு ஏ.எஃப் திரும்பியிருந்தது. இரண்டாம் நிலையில் 33, மூன்றாம் நிலையில் 46, நான்காம் நிலையில் 51 சதவிகிதம். படிக்கட்டு ஏறுகிற மாதிரி தழும்பு ஏற ஏற தோல்வியும் ஏறியது. ஸ்கேன் செய்தவர்களுக்கு உற்சாகம் வராமல் இருக்குமா?

அடுத்த எண்ணம் தானாகவே வந்தது. தழும்பு எங்கே இருக்கிறது என்று படமே காட்டுகிறதே! சிரைகளின் வாயோடு நிறுத்தாமல் அந்தத் தழும்புகளையும் குறிவைத்துச் சூடுவைத்தால் என்ன? கேட்பதற்கு எவ்வளவு நியாயமான யோசனை. வரைபடம் கையில் இருக்கும்போது வழியில் கிடக்கும் கல்லை எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும்.

அதைத்தான் இரண்டாவது 'டீகாஃப்' ஆய்வு சோதித்தது. நீண்ட நாள் நீடிக்கும் ஏ.எஃப் உள்ள 843 பேர், 10 நாடுகள், 44 மையங்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அதோடு தழும்புகளையும் குறிவைத்த சிகிச்சை. முடிவு 2022-ல் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.1 சதவிகிதம் பேருக்குக் கோளாறு திரும்பியது. தழும்பையும் சுட்டவர்களில் 43 சதவிகிதம். புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. கூடுதலாகச் சூடுவைத்த குழுவில் 6 பேருக்கு ரத்த அடைப்பால் பக்கவாதம் வந்தது. வழக்கமான குழுவில் ஒருவருக்கும் இல்லை.

இந்த ஆய்வை நடத்தியவரும் அதே மரூஷ்தான். பத்தாண்டுகளுக்கு மேல் தான் வளர்த்த யோசனையைத் தானே சோதனைக்கு உட்படுத்தி, பலிக்கவில்லை என்பதை அதே 'ஜாமா' இதழில் வெளியிட்டார். மருத்துவத்தில் இப்படி நடப்பது பாராட்ட வேண்டிய விஷயம். நல்ல யோசனை என்று தோன்றுவதெல்லாம் நல்ல சிகிச்சை ஆகிவிடாது என்பதை நோயாளியின் உயிரை வைத்துப் பரிசோதிக்காமல், முறையான ஆய்வு வழியாகத் தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு 'எரேஸ் ஏ.எஃப்' என்ற இன்னொரு ஆய்வும் வந்தது. அதில் எம்.ஆர்.ஐ-க்குப் பதிலாக, கேத்தீட்டரால் மேலறைச் சுவரைத் தொட்டுத் தொட்டு எங்கே மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அளந்து அந்த இடங்களைச் சுட்டார்கள். 324 பேரில் நடந்த அந்த ஆய்வில் பலன் தெரிந்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பின் 50 சதவிகிதம் பேருக்குத் திரும்பிய கோளாறு, இந்த முறையில் 35 சதவிகிதம் பேருக்கு மட்டுமே திரும்பியது. எம்.ஆர்.ஐ காட்டும் தழும்பும், கேத்தீட்டர் காட்டும் மின்னழுத்தக் குறைவும் எப்போதும் ஒரே இடத்தைச் சுட்டுவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே இன்றைய நிலையில், எம்.ஆர்.ஐ தழும்புக் கணக்கு எதிர்காலத்தை ஓரளவு கணிக்க உதவும் ஒரு தகவல். எங்கே சூடுவைப்பது என்று காட்டும் வரைபடமாக அது இன்னும் தேறவில்லை. 'ஸ்கேனில் தழும்பைக் கண்டுபிடித்து அதையே அழித்துவிடுவோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், ஆதாரம் என்ன என்று கேட்பது நோயாளியின் உரிமை.

தழும்பு விழாமல் தடுக்க...

ஒருமுறை விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இப்போது கையில் இல்லை. ஆனால், அது பெருகாமல் தடுப்பதில் நோயாளிக்குப் பெரிய பங்கு உண்டு.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மௌரிட்ஸ் அலெஸ்ஸி குழுவினர் 1995-ல் ஆடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆடுகளுக்குக் கருவி மூலம் ஏ.எஃப் வரவழைத்தார்கள். முதலில் சில விநாடிகளில் தானாக நின்றது. மறுபடி மறுபடி வரவழைக்க, நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. ஓரிரு வாரங்களில் பெரும்பாலான ஆடுகளில் அது ஒரு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை. ஏ.எஃப்-தான் அடுத்த ஏ.எஃப்-க்கு வழிசெய்கிறது என்பது அதன் பொருள். 'எப்பவாவது வருகிற படபடப்புதானே' என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்று இந்த ஆடுகள் சொல்கின்றன.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரசாந்தன் சாண்டர்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. அதிக எடையும் ஏ.எஃப்-ம் உள்ள 355 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். உடல் எடையில் 10 சதவிகிதத்துக்கு மேல் குறைத்து, அதைக் காப்பாற்றியவர்களுக்கு ஏ.எஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு இருந்தது. 90 கிலோ உள்ளவர் 81-க்கு வருவது என்று வைத்துக்கொள்ளலாம். மெல்போர்ன் மருத்துவர்களின் 2020 ஆய்வில், வழக்கமாகக் குடிப்பவர்களை மதுவை நிறுத்தச் சொன்னபோது ஆறு மாதத்தில் 53 சதவிகிதம் பேருக்குத்தான் கோளாறு திரும்பியது. தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவிகிதம். குறட்டை பலமாக விட்டு, இடையில் மூச்சடைத்து விழிப்பவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வதும் இந்தப் பட்டியலில் சேரும். 'அவர் எப்பவும் அப்படித்தான்' என்று வீட்டில் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல அது.

இந்தியாவுக்கு மட்டும் ஒரு தனிக்குறிப்பு தேவை. மேலே சொன்ன எம்.ஆர்.ஐ ஆய்வுகளில் சேர்ந்தவர்கள், சிறு வயது மூட்டுக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிகள் அல்ல. இங்கே அப்படி ஏ.எஃப் வருபவர்கள் கணிசம். அவர்களுக்கு அந்த நான்கு நிலைக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. மருந்தும் வேறு. ருமாட்டிக் வால்வு நோயோடு ஏ.எஃப் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் 24 நாடுகளில் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வில், புதிய வகை மாத்திரையான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மாத்திரைதான் நல்ல பலன் தந்தது. ஆகவே வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடும் வால்வு நோயாளிகள், 'ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போகத் தேவையில்லாத மாத்திரை இருக்கிறதாமே' என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுத் தாங்களாக மாற்றக் கூடாது.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு

ஏ.எஃப் என்றாலே இந்த ஸ்கேன் தேவை என்று இல்லை. அப்லேஷன் செய்யலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் நிலையில், அல்லது ஒருமுறை செய்தும் திரும்பிவந்த நிலையில் மருத்துவர் சொல்லலாம். எல்லா எம்.ஆர்.ஐ மையங்களிலும் மேலறைத் தழும்பைப் பார்க்கும் வசதியும் பயிற்சியும் இருக்காது. சாதாரண 'கார்டியாக் எம்.ஆர்.ஐ' எடுத்துவிட்டு அதில் தழும்புக் கணக்கைத் தேடினால் கிடைக்காது. எக்கோவிலேயே 'ஸ்ட்ரெய்ன்' என்ற அளவை எடுத்து, மேலறை எவ்வளவு விறைத்திருக்கிறது என்று மறைமுகமாகக் கணிக்கும் வழியும் உண்டு. பலருக்கு அதுவே போதும்.

எம்.ஆர்.ஐ-யில் கதிர்வீச்சு கிடையாது. ஆனால், கேடோலினியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் முதலில் கிரியாட்டினின் பரிசோதனை பார்ப்பார்கள். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களும், கர்ப்பிணிகளும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதன் அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும். புதிய கருவிகளில் பலவற்றுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கலாம், பழையவற்றில் சிலவற்றுக்குக் கூடாது. கருவியின் சத்தமும் குறுகிய குழாயும் சிலருக்குப் பயம் தரும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், இடையிடையே மூச்சை அடக்கச் சொல்வார்கள். பயம் உள்ளவர்கள் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கூகுளில் தேடுவதற்கு முன்பு மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். படம் தெளிவாக வந்திருக்கிறதா? இந்தச் சதவிகிதத்தால் எனக்கான சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் எதற்காக எடுத்தோம்? தழும்பு குறைவு என்று வந்தாலும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரை யாருக்குத் தேவை என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றைக் கூட்டித்தான் முடிவுசெய்கிறார்கள், ஸ்கேன் சதவிகிதத்தை வைத்து அல்ல. மறுமுறை ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் அதே மையத்தில் எடுப்பது நல்லது. பழைய படத்தின் சி.டி-யையும் சேர்த்துக் கொடுத்தால்தான் 18 சதவிகிதம் 21 ஆனது நோய் வளர்ந்ததாலா, அளவுகோல் மாறியதாலா என்று சொல்ல முடியும்.